கொழும்புல எதை எந்த மாசம் வாங்கினா காசு மிஞ்சும்

மார்ச் பிறந்தா காலி வீதி முழுக்க போர்ட் தான், 50 வீதம் வரை, 60 வீதம் வரை என்டு, அந்த "வரை" மட்டும் கிட்டப் போய்ப் பாத்தாத்தான் தெரியும். போனஸ் வாற மாசம், கவர்மெண்ட் வேலைக்காரங்களுக்கு பண்டிகை முற்பணம் வாற மாசம், கடைக்காரங்களுக்கு அது நல்லாவே தெரியும். நம்மட கையில காசு இருக்கிற நேரத்தைப் பாத்துத்தான் சேல் போடுறாங்க. இதை மனசுல வெச்சிட்டா மிச்சமெல்லாம் லேசு. சில சாமானுக்கு ஏப்ரலும் டிசம்பரும் உண்மையாவே நல்ல நேரம், சில சாமானுக்கு அந்த ரெண்டு மாசமும் கடைப் பக்கமே போகக்கூடாத நேரம். எது எது என்டு பிரிச்சுத் தெரிஞ்சுக்கிறது தான் இதுல உள்ள வேலையே.

முதல்ல கொழும்புல வருஷம் எப்பிடி ஓடுது என்டு ஒருக்கா பாருங்க. ஒக்டோபர் நவம்பர்ல தீபாவளி, உடனே டராஸ் ஒன்லைன் கடைட 11.11 (நவம்பர் 11) சேல், நவம்பர் கடைசிப் பக்கம் பிளாக் ஃப்ரைடே, அதுக்குள்ள நத்தார் மரம் வெச்சிடுவாங்க, நத்தார் முடிய ஸ்கூல் சாமான், தைப்பொங்கல், பிறகு நோன்பு, பெருநாள், சித்திரை வருஷம். நோன்புப் பெருநாள் வருஷா வருஷம் 11 நாள் அளவுல முன்னுக்கு வந்துகிட்டே இருக்கும், 2025ல மார்ச் கடைசியில வந்திச்சு, அதால கொஞ்ச வருஷமா பெருநாள் சீசனும் வருஷப்பிறப்பு சீசனும் ஒன்டோட ஒன்டு ஒட்டித்தான் வருது. ஆக, ஒக்டோபர்ல இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் கடைக்குள்ள ஆள் குறையிறதே கொஞ்சம். இடையில பொங்கல் முடிஞ்ச கையோட ரெண்டு மூணு கிழமை ஓய்வு, அடுத்த ஓய்வு மே மாச வெசாக் முடிஞ்ச பிறகு தான். கடைக்காரன் ஸ்டூல் போட்டு உக்காந்து உங்களோட ஆறுதலா கதைக்கிறது அந்த நேரங்கள்ல தான். பேரம் பேசி வாங்குற சாமான் எல்லாத்தையும் அதுக்கு ஒதுக்கி வைங்க.

சேல்ல ஏமாறாம இருக்க ஒரே வழி சேலுக்கு முந்தின விலை உங்க போன்ல இருக்கிறது. வேற வித்தை ஒன்டும் இல்ல. ஃப்ரிஜ் மாத்தப் போறீங்க என்டு வைங்க, சித்திரைக்கு வாங்குற எண்ணம். அப்ப பெப்ரவரி முதல் கிழமையே ரெண்டு மூணு ஷோரூமுக்கு சும்மா போய், மொடல் நம்பர் தெரியிற மாதிரி விலை டிக்கட்டை போட்டோ எடுத்துக்குங்க, சேல்ஸ்மேன் பாத்தா "வீட்ட காட்டணும்" என்டு சொன்னா ஒன்டும் சொல்ல மாட்டார். மொடல் நம்பர் முக்கியம், கடைசி ஒரு எழுத்து மாறினாலும் அது வேற சாமான், ஒன்டுல இன்வர்ட்டர் இருக்கும் மத்ததுல இருக்காது. உதாரணத்துக்கு, பெப்ரவரியில 185,000 போட்டிருந்த ஃப்ரிஜ் ஏப்ரல்ல 220,000ஐ வெட்டி 178,000 என்டு நிக்கிது என்டா, போர்ட்ல 19 வீதம் கழிவு, உண்மையில உங்களுக்குக் கிடைச்சது 7,000 ரூபா, 4 வீதம் கூட இல்ல. அதுக்காக வாங்கவேணாம் என்டு இல்ல, 7,000மும் காசு தானே, ஆனா 42,000 மிச்சம் பிடிச்சோம் என்ட சந்தோஷத்துல அந்தக் காசுக்கு எயார் ஃப்ரையர் ஒன்டையும் தூக்கிட்டு வராம இருக்கலாம்.

கணக்கு இன்னும் ரெண்டு. 30 வீதம் கழிச்சு, அதுக்கு மேல கார்ட்டுக்கு 20 வீதம் என்டா மொத்தம் 50 இல்ல, 44. பத்தாயிரம் ஏழாயிரமாகி, அந்த ஏழாயிரத்துல 20 வீதம் போய் 5,600 வரும். மூணு வாங்கினா ஒன்டு ஃப்ரீ என்டா 25 வீதம், அதுவும் நாலும் உங்களுக்குத் தேவைப்பட்டாத்தான்.

ஃப்ரிஜ், வாஷிங் மெஷின், டீவி, மெத்தை மாதிரி பெரிய சாமானுக்கு ஏப்ரல், டிசம்பர் ரெண்டும் உண்மையாவே நல்ல மாசம் தான். காரணம் கடைக்காரன்ட நல்ல மனசு இல்ல, சிங்கர், ஏபன்ஸ், டம்ரோ, சொஃப்ட்லொஜிக், ஆர்பிகோ எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே ஆளைப் பிடிக்கப் பாக்கிறாங்க, அதுக்கு மேல பேங்க்காரங்களும் தங்கட கார்ட்டுக்கு கழிவு, வட்டியில்லாத தவணை என்டு போட்டி போடுறாங்க. போட்டி இருக்கிற இடத்துல தான் விலை உண்மையா இறங்கும். ஒரு கடையில எழுதின கொட்டேஷனை அடுத்த கடையில காட்டுங்க, ஷோரூம்ல பேரம் பேசக்கூடாது என்டு யாரும் சட்டம் போடல. விலையை இறக்க மாட்டோம் என்டா டெலிவரி ஃப்ரீயா தாங்க, ஸ்டெபிலைசர் தாங்க, பழைய மெஷினை எடுத்துக்குங்க என்டு கேட்டுப் பாருங்க. சீசன் முடிஞ்ச அடுத்த கிழமை டிஸ்ப்ளேக்கு வெச்ச பீஸ் இருக்கா என்டும் கேக்கலாம், மூலையில ஒரு கீறல் இருக்கும், வாரண்டி முழுசா உண்டா என்டு மட்டும் எழுத்துல வாங்கிக்குங்க.

ஏசியும் ஃபேனும் இதுல சேராது. கொழும்புல மார்ச்ல இருந்து மே வரைக்கும் தான் வேர்த்துக் கொட்டுற காலம், அந்த நேரம் எல்லாரும் ஏசி தேடி ஓடுவாங்க, விலையில விட்டுக்கொடுக்க கடைக்கு ஒரு அவசியமும் இல்ல, பூட்டுறதுக்கு ஆள் வர கிழமைக்கணக்கா காத்திருக்கணும். அதை டிசம்பர் ஒஃபர்ல வாங்கிப் பூட்டிடுங்க, மழை பெய்யிற நேரம் ஏசி வாங்குறியா என்டு வீட்டுல சிரிப்பாங்க, ஏப்ரல்ல சிரிக்க மாட்டாங்க.

இன்னொன்டு, 2022ல டொலர் 200ல இருந்து 360 வரைக்கும் ஓடினதைப் பாத்ததால நம்மட ஆக்களுக்கு ஒரு பயம் வந்திட்டுது, நாளைக்கு விலை கூடும் இப்பவே வாங்கு என்டு. அந்த நேரம் அது சரி. 2024 ஜனவரியில வட் வரி 15ல இருந்து 18 வீதம் ஆனப்பவும் டிசம்பர்லயே வாங்கினவங்க கொஞ்சம் மிச்சம் பிடிச்சாங்க. ஆனா ஒவ்வொரு சேலுக்கும் அதே பயத்தைக் காட்டி விக்கிறாங்க பாருங்க, அங்க தான் நிக்கணும். பட்ஜெட்ல வரி கூடுது என்டு செய்தி வந்தா, ஏற்கனவே லிஸ்ட்ல இருந்த சாமானை ஒரு மாசம் முன்னுக்கு இழுங்க. லிஸ்ட்ல இல்லாததை வரிக்குப் பயந்து வாங்காதீங்க.

உடுப்புக் கதை வேற. தீபாவளிக்கு முதல் கிழமை புறக்கோட்டை மெயின் ஸ்ட்ரீட்டுக்குள்ள போனா உங்களைக் கூட்டமே தள்ளிக்கொண்டு போய் அடுத்த பக்கம் விடும், விலை கேக்கக்கூட நேரம் இல்ல, அந்தக் கூட்டத்துல யாரும் குறைச்சுத் தரப் போறதும் இல்ல. பிள்ளைகளுக்கு பண்டிகை உடுப்பு ஆறேழு கிழமைக்கு முதலே எடுங்க, வளர்ற பிள்ளைக்கு ஒரு சைஸ் கூட்டி எடுத்தா சரி. நம்ம ஊர்ல தீபாவளி முடிஞ்ச உடனே விலை விழும் என்டு காத்திருக்கிறது வேலைக்காகாது, மிஞ்சின சரக்கு அப்பிடியே நத்தாருக்குப் போகும். உண்மையான கிளியரன்ஸ் ஜனவரியில தான் வரும், நோலிமிட், ஃபெஷன் பக், ஒடெல், கூல் பிளனட் மாதிரி இடங்கள்ல நத்தாருக்கு தொங்கினது அப்ப ரேக்குல குவிஞ்சு கிடக்கும். வேலைக்குப் போற சேர்ட், உள்ளாடை, துவாய், பெட்ஷீட் இதுக்கெல்லாம் பண்டிகையோட ஒரு தொடர்பும் இல்ல, ஜனவரி கடைசியில ஒருக்கா எடுத்தா வருஷத்துக்குப் போதும். கிளியரன்ஸ்ல எடுத்ததை பெரும்பாலும் மாத்தித் தர மாட்டாங்க, அதால போட்டுப் பாத்து, ஸிப் இழுத்துப் பாத்து எடுங்க.

வெள்ளவத்தையில சாறி எடுக்கிறதுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கு. ஆடியில கல்யாணம் இல்ல, கடை ஓய்வா இருக்கும், விலை குறையும் என்டு தமிழ்நாட்டுக் கணக்குப் போட்டுட்டு இங்க போகாதீங்க. ஜூலை ஆகஸ்ட்ல தான் கனடா, லண்டன்ல இருந்து லீவுக்கு வருவாங்க, அவங்க டொலர்ல, பவுண்ஸ்ல மாத்திப் பாத்து "சீப்" என்டு சொல்லி நாலு சாறி எடுப்பாங்க, பக்கத்துல நின்டு நாம ஐந்நூறு குறைக்கச் சொன்னா யார் கேப்பா. வெசாக் முடிஞ்சு ஜூன் மாசம் போங்க, கிழமை நாள்ல காலையில.

புறக்கோட்டைக்குப் போற ஆள் என்டா நாள் பாத்துப் போங்க. ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி லீவு) உள்ளுக்குள்ள பெரும்பாலான கடை பூட்டு, பேவ்மெண்ட் யாவாரம் மட்டும் இருக்கும். வெள்ளி மத்தியானம் ஜும்மாவுக்கு நிறையக் கடை சாத்துவாங்க, பன்ரெண்டுல இருந்து ரெண்டு மணி வரைக்கும் வெயில்ல நிக்க வேண்டி வரும். செவ்வாய், புதன் காலையில பத்து மணிக்கு நல்லம். 100, 101 பஸ்ல காலி வீதியால நேராப் போகலாம், த்ரீவீல்ல போய் வந்தா மிச்சம் பிடிச்சதை அவருக்கே குடுத்த மாதிரி. துணிக்கு மூணாம் குறுக்குத் தெரு, குசினிச் சாமானுக்கு கெய்சர் வீதி, கொப்பி பேப்பருக்கு மலிபன் வீதி. முதல் கடையில வாங்காம அதே வரிசையில நாலாவது கடை வரைக்கும் விலை கேட்டுட்டு திரும்பி வாங்க. மூணு பேர் சேந்து போய் ஒரு டசின் எடுத்து பிரிச்சா மொத்த விலை கேக்கலாம். கார்ட் போட்டா மூணு வீதம் கூட என்டு சில கடையில சொல்லுவாங்க, அப்ப காசாக் குடுத்தா எவ்வளவு குறைப்பீங்க என்டு திருப்பிக் கேளுங்க.

ஸ்கூல் சாமான். கொரோனாவுக்குப் பிறகு ஸ்கூல் வருஷம் ஏப்ரல், மார்ச் என்டு தள்ளிப் போய்த் திரும்பவும் ஜனவரிக்கு வந்திட்டுது, அதால டிசம்பர் கடைசிக் கிழமை திரும்பவும் பழைய சண்டை தான். புக் லிஸ்ட் வரும் வரைக்கும் காத்திருக்க வேணாம், கொப்பி எப்பிடியும் தேவைப்படும், 80 பக்கம் 120 பக்கம் எத்தனை போன வருஷம் போச்சு என்டு பாத்து செப்டம்பர்லயே எடுக்கலாம். செப்டம்பர்ல பிஎம்ஐசிஎச் (பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபம்) பக்கம் நடக்கிற சர்வதேச புத்தகக் கண்காட்சியில புத்தகத்துக்கும் கழிவு இருக்கும், ஸ்டேஷனரி கம்பெனிக்காரங்களும் ஸ்டோல் போடுவாங்க. சனி ஞாயிறு பின்னேரம் போனா ஜனத்தைத் தான் பாக்கலாம், கிழமை நாள் போங்க. சப்பாத்தை மட்டும் முன்னுக்கே வாங்காதீங்க, ரெண்டு மாசத்துல கால் வளர்ந்துடும், அது ஜனவரிக்கு கிட்டத்தான்.

இப்ப சாப்பாட்டுச் சாமான், வீட்டுக் காசு அதிகமாப் போறது இங்க தான், ஆனா சேல் போர்டைப் பாத்து வாங்கினா ஆகக் கொஞ்சம் மிஞ்சுறதும் இங்க தான். இதுக்கு பண்டிகைக் கலண்டரை விட்டுட்டு அறுவடைக் கலண்டரைப் பாக்கணும். மகா போகம் பெப்ரவரி மார்ச்ல வெட்டுவாங்க, யாலப் போகம் ஆகஸ்ட் செப்டம்பர்ல. புது நெல் வந்து கொஞ்ச நாள்ல அரிசி விலை இளகும், ஆக இறுகுறது வருஷக் கடைசியில, மகா அறுவடைக்கு முன்னுக்கு. மார்ச் கடைசியில ரெண்டு மாசத்துக்குரிய அரிசி எடுத்து வைக்கலாம். அதுக்கு மேல வேணாம், கொழும்பு ஈரக்காத்துக்கு அரிசியில வண்டு வரும், பருப்புல பூச்சி வரும், ரவையைப் பத்திச் சொல்லவே வேணாம். தம்புள்ள, மாத்தளைப் பக்கத்து பெரிய வெங்காயம் ஆகஸ்ட்ல இருந்து ஒக்டோபர் வரைக்கும் வரும், ஆனா அந்த நேரம் கமக்காரங்களைக் காப்பாத்த அரசாங்கம் இறக்குமதி வெங்காயத்துக்கும் கிழங்குக்கும் வரியைக் கூட்டுறது வழக்கம், அதால விலை அடியோட விழும் என்டு எதிர்பாக்காதீங்க. வரி கூடுது என்ட செய்தி வந்த அன்டைக்கு நாலாம், ஐஞ்சாம் குறுக்குத் தெருவுல ஐஞ்சு கிலோ இறக்குமதி வெங்காயம் எடுத்து வைங்க, காத்துப் படுற மாதிரி கூடையில, கிழங்கோட சேத்து வைக்காம.

மரக்கறி நவம்பர் டிசம்பர் மழைக்கு ஏறி, பொங்கல் நேரமும் இறங்காம நிக்கும், பெப்ரவரி மார்ச்ல இறங்கும். வருஷப்பிறப்புக்கு முந்தின ஒன்டு ரெண்டு நாள் மட்டும் சந்தைக்குப் போகாதீங்க, பிறகு ஒரு கிழமைக்கு லொறி வராது என்டு எல்லாரும் அள்ளுவாங்க, விலையும் அதுக்கேத்த மாதிரி. ஒரு கிழமை முன்னுக்கே கரட், பூசணி, கிழங்கு மாதிரி தாங்குற மரக்கறியை எடுத்துட்டு, அந்தக் கிழமை கடலை, பயறு, கருவாட்டுல ஓட்டலாம். மீனுக்கு கடல் நிலையைப் பாருங்க, மே மாசம் தென்மேல் பருவம் தொடங்கினா மேல்கரைக் கடல் கொந்தளிக்கும், செப்டம்பர் வரைக்கும் நம்மட பக்கத்து மீன் குறைவு. நத்தார் கேக் போடுற வீட்டுக்காரங்க பிளம்ஸ், சுல்டானா, கஜு, ரவை எல்லாத்தையும் நவம்பர் நடுவுக்குள்ள எடுங்க. முட்டையை முன்னுக்கு வாங்கி வைக்கேலாது, அதுக்கு விலை குடுத்துத்தான் ஆகணும்.

சுப்பர்மார்க்கட்ல கீல்ஸ், கார்கில்ஸ், ஆர்பிகோ, குளோமார்க் எல்லாத்துலயும் ஏதோ ஒரு பேங்க் கார்ட்டுக்கு சனி ஞாயிறுல மரக்கறி, பழம், மீனுக்கு 20, 25 வீதம் என்டு ஓடிக்கிட்டே இருக்கும், மாசம் மாறினா பேங்கும் மாறும். சின்ன எழுத்துல ரெண்டு விஷயம் பாருங்க, குறைஞ்ச பில் எவ்வளவு, கூடின கழிவு எவ்வளவு. 5,000க்கு மேல வாங்கணும் என்டு சொன்னா 3,800ல நிக்கிறவங்க 1,200க்கு பிஸ்கட் போடுவாங்க, அதுக்குத்தான் அந்தக் கணக்கே. கழிவு போகவும் கிலோ விலை பேலியகொட மெனிங் மார்க்கட்டையோ நாரஹேன்பிட்ட சந்தையையோ விடக் கூட இருந்தா சும்மா கார்டை உரசினது தான் மிச்சம். சவர்க்காரம், ஷாம்பு, டிஷ்வோஷ், டிஷ்யூ இதுகள் பழுதாகாது, ஒன்டு வாங்கினா ஒன்டு ஃப்ரீ வரும்போது மூணு மாசத்துக்கு எடுங்க. பால்மாவுல பெரிய பக்கட் எப்பவும் லாபம் என்டு நினைக்காதீங்க, நூறு கிராமுக்கு எவ்வளவு என்டு போன்லயே பிரிச்சுப் பாருங்க, தலைகீழா இருக்கிற நாளும் உண்டு.

கிரெடிட் கார்ட் வெச்சு சேல்ல வாங்குறதா இருந்தா ஸ்டேட்மெண்ட் அடிக்கிற திகதிக்கு அடுத்த நாள் வாங்குங்க, காசு கட்ட ஒரு மாசத்துக்கு மேல டைம் கிடைக்கும், அதுக்குள்ள சம்பளமும் வந்துடும். முழுசாக் கட்ட ஏலாட்டி அந்த ஒஃபர் உங்களுக்கு இல்ல, ஏன் என்டா கார்ட் வட்டி வருஷத்துக்கு 20 வீதத்துக்கு மேல, நீங்க மிச்சம் பிடிச்ச 10 வீதம் சில மாசத்துல கரைஞ்சு போகும். வட்டியில்லாத தவணை என்டு சொல்றதுலயும் ஹேண்ட்லிங் ஃபீஸ் இருக்கா, காசாக் குடுத்தா விலை குறையுமா என்டு ரெண்டு கேள்வி கேளுங்க, ரெண்டாவது கேள்விக்கு பல நேரம் பதில் "ஓம்" தான்.

11.11, 12.12 மாதிரி ஒன்லைன் சேலுக்கு ஒக்டோபர்லயே சாமானை அந்த சைட்ல உள்ள கூடையில போட்டு விலையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைங்க, நாள் வந்ததும் தெரியும் எது இறங்கிச்சு எது ஏறி இறங்கிச்சு என்டு. டெலிவரி காசையும் சேத்துக் கூட்டுங்க. கரண்ட்ல ஓடுற சாமானுக்கு லோக்கல் ஏஜண்ட் வாரண்டியா, கடைக்காரர் தன்ட வாயால சொல்ற வாரண்டியா என்டு பாக்காம வாங்காதீங்க.

தளபாடம், பெயிண்ட் பத்தி சுருக்கமா. மொரட்டுவையில அலுமாரி, கட்டில் ஓடர் குடுக்கிறதா இருந்தா வருஷப்பிறப்புக்கு கிட்ட குடுக்காதீங்க, பாஸ்மார் (தச்சு, பெயிண்ட் வேலைக்காரங்க) எல்லாம் ஊருக்குப் போய்டுவாங்க, மே மாசம் கூட வந்து சேராது. வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறதை பெப்ரவரியில வைங்க, வெயில் இருக்கும், பெயிண்ட் காயும், பாஸும் கிடைப்பார்.

எங்க எதை வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்க, சேல் நேரம் "பிறகு தாறேன்" என்டு சொல்ற கடையில முக்கியமா. வெப்பத்துல அச்சடிக்கிற பில் ஆறு மாசத்துல வெள்ளைப் பேப்பர் ஆகிடும், வாரண்டி கேக்கப் போற நேரம் ஒன்டும் தெரியாது, அதால அன்டைக்கே போட்டோ எடுத்து வட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பி வைங்க. ரேக்குல ஒரு விலை, கவுண்டர்ல ஒரு விலை என்டா அங்கயே நின்டு கேளுங்க, பக்கட்ல அடிச்ச விலையை விடக் கூட எடுத்தா நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ட நம்பருக்கு கோல் எடுத்துச் சொல்லலாம், பில் கையில இருந்தா கதை சுருக்கமா முடியும்.